பனிமலைத் தலங்களில் சமூகக் கலந்தாய்வுக் குழுக்கள்

பனிமலைத் தலத்தில் விடுதி நடத்துவோர், கடை வைத்திருப்போர், குடியிருப்போர், வேலை செய்வோர், வந்து போவோர் ஆகியோரின் கருத்தை நிர்வாகம் முறையாகக் கேட்பதற்கு அமைக்கப்படும் ஆலோசனைக் குழுவே சமூகக் கலந்தாய்வுக் குழு ஆகும். இக்குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆலோசனை சொல்லலாம், கேள்வி கேட்கலாம், மறுப்பைப் பதிவு செய்யலாம். ஏற்பதும் தள்ளுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதிகாரம் இல்லாத ஒரு குழுவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று தோன்றலாம். பனிமலைத் தலங்கள் ஆளப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதற்கு விடை கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்பதால் இக்கட்டுரை பெரும்பாலும் அம்மாநிலத்தைப் பற்றியே பேசுகிறது.

விக்டோரியாவின் பனிமலைத் தலங்கள்

ஆஸ்திரேலியா என்றால் பாலைவனமும் கடற்கரையும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் தென்கிழக்கில் ‘ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ்’ எனப்படும் மலைத்தொடர் உள்ளது. அதன் உயர்ந்த சிகரமான கோஸியஸ்கோ 2228 மீட்டர். இமயத்தோடு ஒப்பிட்டால் இது சிறு மலைதான். ஆயினும் ஆண்டுதோறும் சில மாதங்கள் இங்கே பனி படிகிறது. தென் அரைக்கோளம் ஆதலால், நம் ஊரில் ஆனிக் காற்று வீசும்போது அங்கே பனிக்காலம் தொடங்கும். ஜூன் மாதத்தில் மன்னர் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டி ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரம் வரை பனிச்சறுக்குப் பருவம் என்பது கணக்கு.

விக்டோரியாவில் ஆறு தலங்கள் உள்ளன: மவுண்ட் புல்லர், மவுண்ட் ஸ்டெர்லிங், மவுண்ட் ஹோதம், ஃபால்ஸ் கிரீக், மவுண்ட் பா பா, லேக் மவுண்டன். இவை ஒரே மாதிரியானவை அல்ல. புல்லர், ஹோதம், ஃபால்ஸ் கிரீக் மூன்றும் நூற்றுக்கணக்கான கட்டடங்களும் கம்பிவட லிஃப்டுகளும் கொண்ட சிற்றூர்கள். லேக் மவுண்டன் மெல்போர்ன் நகரத்தார் காலையில் வந்து மாலையில் திரும்பும் இடம். ஸ்டெர்லிங்கில் லிஃப்டே கிடையாது.

இத்தலங்கள் பெரும் முதலாளிகளால் மட்டும் உருவானவை அல்ல. ஃபால்ஸ் கிரீக்கின் தொடக்கம், 1940களின் பிற்பகுதியில் கீவா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்த ஊழியர்கள் சிலர் கட்டிய ஒரு விடுதி. மற்ற தலங்களிலும் பனிச்சறுக்கு மன்றங்கள் பல, தம் உறுப்பினர்களின் உடலுழைப்பாலேயே மலைமீது மரமும் கல்லும் சுமந்து விடுதி கட்டிக்கொண்டன. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த மன்றங்கள் அதே விடுதிகளை நடத்தி வருகின்றன. ‘இது எங்கள் மலை’ என்ற உணர்வு அவர்களுக்கு வந்தது இப்படித்தான்.

நிலம் யாருடையது, ஆள்வது யார்

உணர்வு அப்படியிருக்க, சட்டம் வேறு. இத்தலங்களின் நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தமான, நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலம். விடுதியோ கடையோ வைத்திருப்பவர் கட்டடத்தின் கீழுள்ள மண்ணுக்கு உரிமையாளர் அல்லர். நீண்டகாலக் குத்தகைதாரர் மட்டுமே. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில் வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம், பழுது பார்க்க மனம் வருவதும் கடினம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. விக்டோரியாவில் 79 உள்ளாட்சி மன்றங்கள் உள்ளன. மாநிலத்தின் ஏறத்தாழ எல்லா நிலமும் ஏதேனும் ஒரு மன்றத்தின் எல்லைக்குள் வரும். பனிமலைத் தலங்களோ அந்த எல்லைகளுக்கு வெளியே நிற்பவை. எனவே அங்கே கவுன்சிலர் இல்லை, உள்ளாட்சித் தேர்தலும் இல்லை. குப்பை அள்ளுவது, குடிநீர் கொடுப்பது, கழிவுநீரை அகற்றுவது, சாலையில் பனியைத் தள்ளுவது, தீத்தடுப்பு ஆகிய நகராட்சிப் பணிகள் அனைத்தையும் தலத்தின் நிர்வாக அமைப்பே செய்கிறது. அதற்கான சேவைக் கட்டணத்தைக் குத்தகைதாரர்களிடம் வசூலிப்பதும், பனிக்காலத்தில் மலையேறும் வாகனங்களுக்கு நுழைவுக் கட்டணம் விதிப்பதும் அதே அமைப்புத்தான். நிர்வாகத்தில் அமர்பவர்களை நியமிப்பவர் மாநில அமைச்சர். கட்டட அனுமதி தருவதோ திட்டமிடல் அமைச்சரின் கையில்.

ஆகப் பணம் கட்டுபவருக்கு வாக்குச் சீட்டு இல்லை. நம் ஊரில் வீட்டுவரி உயர்ந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்றாவது சொல்லலாம். மலைமேல் அதற்கு வழியில்லை. இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பவே கலந்தாய்வுக் குழு தேவைப்படுகிறது. உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் ஊரில் இத்தகைய குழு கூடுதல் வசதி. தேர்தலே இல்லாத இடத்தில் மக்களுக்கு இருக்கும் முறையான வாசல் இது ஒன்றுதான்.

நிர்வாகம் மாறி வந்த விதம்

1983ஆம் ஆண்டுச் சட்டம் தலங்கள் அனைத்தையும் ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மெல்போர்னிலிருந்து எல்லா மலைகளையும் ஆள முடியாது என்ற குறை நாளடைவில் வலுத்தது. 1997இல் வந்த ஆல்பைன் ரிசார்ட்ஸ் மேலாண்மைச் சட்டம் அந்த ஆணையத்தைக் கலைத்துத் தலந்தோறும் தனி வாரியம் என்ற முறையைப் புகுத்தியது. இவற்றுக்கு மேலே ஓர் ஒருங்கிணைப்பு மன்றமும் இருந்தது. வாரியங்கள் தத்தம் மலையைப் பயன்படுத்துவோரைக் கொண்ட குழுக்களுடன் ஆலோசித்து வந்தன. பின்னர் சிறு வாரியங்கள் இணைக்கப்பட்டன. 2004இல் புல்லரும் ஸ்டெர்லிங்கும் ஒரே வாரியமாயின. பா பா, லேக் மவுண்டன் இரண்டும் பிற்பாடு ஒன்றாக்கப்பட்டன.

2022 அக்டோபர் 1 முதல் சக்கரம் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. எஞ்சியிருந்த நான்கு வாரியங்களும் ஒருங்கிணைப்பு மன்றமும் நீக்கப்பட்டு, ‘ஆல்பைன் ரிசார்ட்ஸ் விக்டோரியா’ என்ற ஒரே அமைப்பு பொறுப்பேற்றது. பனி குறைந்துவரும் காலத்தில் சிறு வாரியங்கள் தனித்தனியே செலவைத் தாங்க முடியாது, வாங்குதலிலும் பராமரிப்பிலும் ஒன்றுபட்டால் மிச்சம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எதிர்த்தரப்பின் அச்சமும் நியாயமானதே. ஒவ்வொரு மலைக்கும் ஒரு வாரியம் இருந்தபோது, குறை சொல்ல வேண்டியவர் எதிரிலேயே இருந்தார். ஒரே அமைப்பு வந்தால் உள்ளூர்க் குரல் மங்கிவிடாதா? இந்தக் கேள்விக்குப் பதிலாகவே ‘பங்குதாரர் கலந்தாய்வுக் குழுக்கள்’ புதிய ஏற்பாட்டில் இடம்பெற்றன. பெயரில் ‘சமூகம்’ போய்ப் ‘பங்குதாரர்’ வந்திருப்பதைக் கவனிக்கலாம். சமூகம் என்றால் எல்லோரும் அடங்குவர். பங்குதாரர் என்றதும் யாருக்குப் பங்கு உண்டு என்ற கேள்வி வந்துவிடுகிறது.

குழுவில் யார், பேசப்படுவது என்ன

இத்தகைய குழுவில் பொதுவாக மன்ற விடுதிகளின் பிரதிநிதிகள், வணிகர்கள், லிஃப்ட் நடத்தும் நிறுவனம், பனிச்சறுக்கு மற்றும் மலைநடை அமைப்புகள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் போன்றோர் இருப்பர். அப்பகுதியின் தொல்குடியினரின் குரலும் இன்று தவிர்க்க முடியாதது. புல்லர், ஸ்டெர்லிங் பகுதி தாங்குருங் மக்களின் நாடு. பா பா பகுதியில் குணைகுர்னை மக்களுக்கு உரிமை உண்டு. கோடையில் மலையுச்சிகளில் திரளும் போகோங் அந்துப்பூச்சிகளை உண்பதற்காகப் பல குடியினர் இம்மலைகளில் கூடிய வழக்கம், முதல் பனிச்சறுக்கு விடுதிக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது. 1940களில் வந்தவர் தம்மைப் பழைய குடி என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் இதை நினைவூட்ட ஒருவர் இருப்பது நல்லது.

விவாதத்துக்கு வரும் பொருள்கள் பெரும்பாலும் அன்றாடத் தன்மையுள்ளவை. சேவைக் கட்டணத்தை எப்படிப் பங்கிடுவது, படுக்கை எண்ணிக்கையை வைத்தா, பரப்பளவை வைத்தா என்பது நிரந்தரச் சண்டை. வாகன நிறுத்தம், பனி வாகனங்களின் சத்தம், பேருந்து நேரம், கோடையில் மிதிவண்டிப் பாதை, தீ வந்தால் வெளியேறும் வழி என்று பட்டியல் நீளும். தண்ணீர் தனிக்கதை. செயற்கைப் பனி தயாரிக்க ஏராளமான நீர் வேண்டும். மவுண்ட் புல்லரில் சுத்திகரித்த கழிவுநீர் பனி செய்வதற்குப் பயன்படுகிறது. தொழில்நுட்பப்படி அது பாதுகாப்பானது என்றாலும், தன் குழந்தை விழுந்து புரளும் பனி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தாய்க்குப் பொறியாளரின் அறிக்கை போதாது. எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

சிற்றெலி அளவுள்ள ஒரு தரப்பு

கூட்டத்துக்கு வர முடியாத தரப்பு ஒன்று இம்மலைகளில் உண்டு. மலைக் குள்ளப் பாசம் என்னும் பைம்மாவினப் பிராணி ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ளது. 1895இல் புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டு, அழிந்துபோன இனம் என்று கருதப்பட்டது. 1966இல் மவுண்ட் ஹோதமில் ஒரு பனிச்சறுக்கு விடுதிக்குள்ளேயே உயிரோடு அகப்பட்டது! பாறைக் குவியல்களின் இடுக்கில், பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கி வாழும் இப்பிராணிக்கு, சறுக்குப் பாதைக்காகப் பாறைகளை அகற்றுவது வீட்டை இடிப்பதற்குச் சமம்.

ஹோதமில் சாலையும் கட்டடங்களும் பாறைக் குவியல்களைத் துண்டித்ததால், இனப்பெருக்கத்துக்குப் பின் ஆண்கள் பிரிந்து செல்லும் வழி அடைபட்டது. பெண்களும் குட்டிகளும் உயிர்பிழைக்கும் விகிதம் குறைந்தது. 1980களில் சாலைக்கு அடியில் பாறை நிரப்பிய சுரங்க வழி அமைத்தபின் நிலைமை சீரானது. உள்ளூரார் அதற்குச் சூட்டிய பெயர் ‘காதல் சுரங்கம்’. புல்லரில் இந்த இனம் 1996இல் கண்டறியப்பட்டது. அங்கே எண்ணிக்கை வெகுவாகச் சரிந்து, உட்கலப்பால் நலிந்தபோது, ஹோதமிலிருந்து ஆண்களைக் கொண்டுவந்து விட்டனர். எண்ணிக்கை மீண்டது. இத்தகைய வேலைகளில் லிஃப்ட் நிறுவனம், நிர்வாகம், விலங்கியலாளர் மூவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், வரைபடத்தில் ஒருவர் போடும் கோடு இன்னொருவரின் பத்தாண்டு உழைப்பை அழித்துவிடும்.

கேட்டதால் மாறியதும் கேளாததால் வந்ததும்

மவுண்ட் ஸ்டெர்லிங் ஏன் லிஃப்ட் இல்லாத மலையாக நிற்கிறது என்பது சொல்லத்தக்கது. 1990களில் அங்கே பெரிய பனிச்சறுக்குத் தலம் அமைக்கும் யோசனை வந்தது. பொதுமக்களின் கருத்துரைகளையும் உள்ளடக்கிய சுற்றுச்சூழல் விளைவு ஆய்வு நடத்தப்பட்டது. முடிவில் அந்த யோசனை கைவிடப்பட்டு, இயற்கை சார்ந்த சுற்றுலா, பொழுதுபோக்கு, கல்வி ஆகியவற்றுக்கான மலையாக ஸ்டெர்லிங்கைப் பேணுவது என்ற நோக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் முகாமிட்டுக் கற்கும் இடமாக அது இன்றும் உள்ளது.

மறுபக்கம், அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 1997 ஜூலை 30 இரவு நடந்தது. திரெட்போ பனிமலைத் தலத்தில் சாலைக்கரை சரிந்து இரண்டு விடுதிகள் நொறுங்கின. 18 பேர் இறந்தனர். ஒரே ஒருவர் இரண்டு நாட்களுக்கும் மேலாக இடிபாட்டுக்குள் கிடந்து மீட்கப்பட்டார். 2000இல் வெளிவந்த மரண விசாரணை அறிக்கை, ஊருக்கு மேலே செல்லும் ஆல்பைன் வே சாலையின் மண்கரையில் குடிநீர்க் குழாய் கசிந்து ஊறியதைக் காரணமாகக் காட்டியது. தேசியப் பூங்காவைக் காக்கும் துறையே ஊரையும் சாலையையும் நிர்வகிப்பது பொருத்தமா என்று மறுபரிசீலனை செய்யவும் அது பரிந்துரைத்தது. ஒரு கலந்தாய்வுக் குழு இருந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திராது என்று யாரும் சொல்ல முடியாது. குழாய்க் கசிவைத் தீர்மானம் போட்டு அடைக்க முடியாது. ஆனால் பனிமலை ஊரில் ‘நிர்வாகம்’ என்ற சொல்லின் கனம் என்ன என்பதை அந்த இரவு காட்டியது. சாலை ஒருவரிடம், குழாய் இன்னொருவரிடம், அனுமதி மூன்றாமவரிடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கும் இடத்தில், எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் சந்தர்ப்பம் எதுவானாலும் மதிப்புள்ளதே. காட்டுத்தீயும் அப்படித்தான். 2009 பிப்ரவரி 7ஆம் தேதி, ‘கறுப்புச் சனி’ அன்று, லேக் மவுண்டன் தலம் தீக்கிரையானது.

ஏணியில் எந்தப் படி

மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதும் எவரும் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வரைந்த ‘பங்கேற்பு ஏணி’யைத் தவிர்க்க முடியாது. எட்டுப் படிகள். அடியில் மக்களை ஏமாற்றுதல், உச்சியில் மக்களே ஆளுதல். கலந்தாய்வு நான்காவது படி. அதை அவர் ‘ஒப்புக்குச் செய்வது’ என்ற பிரிவில்தான் வைத்தார். கடுமையான தீர்ப்பு. ஆனால் பல கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அதன் உண்மை தெரியும். நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணிக்கை சரியாகவே இருக்கும். தலைமையாசிரியர் முன்பே எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்திட்டு, தேநீர் அருந்திப் போகும் கூட்டங்களும் உண்டு. ‘மாடிப்படியில் கைப்பிடி இல்லை’ என்று ஒரு தாய் எழுந்து சொல்லி மறுவாரமே கைப்பிடி வந்த கூட்டங்களும் உண்டு. சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேறுபாட்டை உண்டாக்குபவை சில நடைமுறைகள். ஆவணங்கள் கூட்டத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும். முடிவெடுத்தபின் கருத்துக் கேட்பது கலந்தாய்வு அன்று, அறிவிப்பு. ஆலோசனையை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். இந்த ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்தால் மற்றவை பெரும்பாலும் தாமே சரியாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்போது எந்த அதிகாரியும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்.

கூட்டம் நடக்கும் காலமும் அற்பமான விஷயமன்று. பனிக்காலத்தில் வணிகர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. கோடையில் கூட்டினால் மலையில் ஆளிராது, பாதிப்பேர் மெல்போர்னில் இருப்பர். இணையவழிக் கூட்டம் இந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் குறைத்துள்ளது.

தீராத குறை, பிரதிநிதித்துவம். குத்தகைதாரர்களுக்குச் சங்கம் உண்டு, வணிகர்களுக்கும் உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டி ஒருநாள் வந்து போகும் குடும்பத்துக்குச் சங்கம் ஏது? மூன்று நான்கு மாதங்கள் லிஃப்டிலும் சமையலறையிலும் வேலை பார்த்துவிட்டு வேறிடம் போகும் இளைஞர்களுக்காக யார் பேசுவது? அவர்கள் தங்கும் அறையின் வாடகையும் நெரிசலும் மலையின் பெரிய பிரச்சினைகளில் அடங்கும். ஆனால் குழுவின் அடுத்த கூட்டம் வருவதற்குள் அவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிடும். பலம் மிக்க ஒரே தரப்பு இருக்கும் கூட்டமும் சமமான கூட்டம் ஆகாது. 2019இல் ஃபால்ஸ் கிரீக், ஹோதம் இரண்டின் லிஃப்டுகளையும் அமெரிக்காவின் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. கண்டங்கள் தாண்டித் தலங்கள் நடத்தும் நிறுவனமும் பன்னிரண்டு படுக்கை விடுதி நடத்தும் தம்பதியும் ஒரே மேசையில் ஆளுக்கொரு நாற்காலியில் அமரலாம். லிஃப்ட் ஓடாவிட்டால் அந்தத் தம்பதிக்கு வியாபாரமே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிற நாடுகளில்

சுவிட்சர்லாந்தில் மலையூர்கள் முழு உரிமையுள்ள உள்ளாட்சிகள். பெரிய கேள்விகள் வாக்கெடுப்புக்கே போகும். ஊர்களில் விடுமுறை வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற முன்மொழிவை 2012 மார்ச்சில் நாட்டு மக்கள் 50.6 விழுக்காடு வாக்குகளால் ஏற்றனர். கிராபுண்டன் மாநிலத்தார் குளிர்கால ஒலிம்பிக் போட்டியை நடத்தும் யோசனையை 2013, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். அங்கே கலந்தாய்வுக் குழு துணைக்கருவி. விக்டோரியாவில் அதுவே முதற்கருவி.

இந்தியாவிலும் ஒரு விசித்திரமான கலந்தாய்வு நடந்ததுண்டு. இமாசலப் பிரதேசத்தின் மணாலி அருகே ‘இமாலயன் ஸ்கி வில்லேஜ்’ என்ற பெருந்திட்டம் முன்வைக்கப்பட்டபோது, 2006இல் குலு பள்ளத்தாக்கின் கிராம தெய்வங்கள் நக்கரில் கூட்டப்பட்டன. ‘ஜக்தி’ என்னும் அந்தச் சபையில் தெய்வங்கள் சாமியாடிகளின் வாயிலாகத் திட்டத்தை மறுத்தன. மேய்ச்சல் நிலமும் நீரூற்றும் போய்விடும் என்ற ஊராரின் கவலை அந்த வாக்கில் ஒலித்ததாகக் கொள்ளலாம். அந்தத் தலம் கட்டப்படவில்லை.

பனி குறையும் காலம்

ஆஸ்திரேலிய ஆல்ப்ஸில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பனியின் ஆழம் குறைந்து வருவதை அளவீடுகள் காட்டுகின்றன. தாழ்வாக உள்ள பா பாவும் லேக் மவுண்டனும் முதலில் பாதிக்கப்படுபவை. அவை அரசு நிதியுதவியை நம்பியே நடந்து வருகின்றன. இனி இக்குழுக்களின் முன் வரும் கேள்வி, வாகன நிறுத்தத்தைவிடப் பெரியது. பனியில்லாத பனிமலை எதற்காக? மிதிவண்டிக்கும் மலைநடைக்கும் மாற வேண்டுமென்றால், எந்த லிஃப்டை எப்போது கழற்றுவது, குத்தகையை எந்தக் கணக்கில் புதுப்பிப்பது, பாட்டனார் கட்டிய விடுதிக்கு என்ன ஈடு? நிர்வாகம் இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே பெருந்திட்டங்கள் எழுதத் தொடங்கிவிட்டது. வரைவு நிலையிலேயே அவை குழுக்களின் மேசைக்கு வருகின்றனவா என்பதைத்தான் மலைமேல் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.